பவளத்துக்கும் வைத்தியம் உண்டு!

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு மாணவர்)



எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். தாத்தா 1990-களில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தபோது சங்கு, சிப்பி மாலையோடு வாங்கி வந்தது. மான் கொம்பு மாதிரி கிளை கிளையாக இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டால் போதும், "டேய், உடைச்சுப்புடாதே!" என்று அப்பத்தா அதட்டுவார். அது கல் இல்லை, ஒரு பிராணிக் கூட்டத்தின் எலும்புக்கூடு என்பது எனக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது. சொன்னவர் சிங்கப்பூரில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் எங்கள் பெரியப்பா மகன்.

அண்ணன் தன் வீட்டில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் வைத்து, அதில் உயிருள்ள பவளம் வளர்க்கிறார். அங்கே அனுமதியோடு கடைகளில் விற்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். அவருடைய பவளம் ஒன்று சாகக் கிடந்து பிழைத்தது. அது எப்படிப் பிழைத்தது என்பதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. "நாம் படிப்பது மெஷினைப் பற்றி, பவளத்துக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

கல்லா? செடியா? பிராணியா?

மூன்றும்தான்! பவளம் என்பது 'பாலிப்' எனப்படும் சிறு பிராணிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். மேலே வாய், வாயைச் சுற்றி விரல்கள். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும். ஷோகேஸில் இருப்பது அந்த வீடு. உயிர் இருக்கும் இடம் அதன்மேல் போர்த்திய மெல்லிய தோல் மட்டுமே.

அந்தத் தோலுக்குள் 'ஜூசாந்தெல்லே' என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். இவை வெயிலில் உணவு தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரரான பவளத்துக்கே கொடுத்துவிடும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைக்கும். பவளம் பாசிக்கு இடமும் உரமும் தருகிறது. பவளத்தில் நாம் பார்க்கும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரருடையதுதான்.

வெளுத்தால் செத்ததா?

நீர் சூடாகிவிட்டால், அதோடு வெளிச்சமும் அதிகமாக இருந்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. ஓவர்லோடில் ஓடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுருள் சூடாகிப் புகை வருகிற மாதிரி, பாசியிலிருந்து தீங்கான ஆக்சிஜன் பொருள்கள் கசிய ஆரம்பிக்கும். பவளத்துக்கு வேறு வழி இல்லை. குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடும். நிறம் போய்விடும். கண்ணாடி மாதிரியான தோல் வழியே வெள்ளை எலும்பு தெரியும். இதைத்தான் 'வெளுத்தல்' என்கிறார்கள்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்கள் தாங்கும். அதற்குள் நிலைமை சரியானால் மிச்சம் இருக்கும் பாசி மறுபடி பெருகி நிறம் திரும்பும். சரியாகாவிட்டால் தோல் அழுகி உரியும். வெறும் எலும்பின்மேல் பச்சையாகப் பாசி படர்ந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆள் இருக்கிறார்.

அண்ணன் செய்த தப்பு

போன வருடம் பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் தேருக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். அங்கே தொட்டியைக் குளிர வைக்கும் சில்லர் நின்றுவிட்டது. மீனுக்கு இரை போட வந்த நண்பர் மூன்றாம் நாள்தான் கவனித்து போட்டோ அனுப்பினார். தெர்மாமீட்டரில் 32 டிகிரி. அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. அடுத்த விமானத்தில் கிளம்பிவிட்டார்.

போய்ப் பார்த்தால் கிளைப் பவளம் தோல் உரிந்து போயிருந்தது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் இன்னொரு பவளம் சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. அவர் பதறிப்போய் ஒரே நாளில் மூன்று காரியம் செய்தார். புது சில்லரை மாட்டி இரண்டே மணி நேரத்தில் 25 டிகிரிக்கு இறக்கினார். பாசி சீக்கிரம் வளரட்டும் என்று விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தார். கடையில் விற்ற மருந்துப் புட்டி ஒன்றை அப்படியே ஊற்றினார். மறுநாள் காலையில் மூளைப் பவளத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு தோல் சுருங்கி எலும்பு தெரிந்தது.

"நோய் கொஞ்சம், நான் பண்ணின வைத்தியம் மிச்சம்னு ஆயிருச்சுடா தம்பி" என்று போனில் சொன்னார். பிறகு அங்கே முப்பது வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர், "இனி எதையும் ஊற்றாதே. முதலில் அளந்து பார். ஒரு நாளைக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதே" என்று சொல்லிக்கொடுத்தாராம். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வதும் இதுதானே!

சரியான வைத்தியம்

பெரியவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வரிசையாகத் தருகிறேன்.

1. அளவெடுப்பு: வெப்பம் 25 முதல் 26 டிகிரி. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஹைட்ரோமீட்டரில் 1.025, 1.026 காட்டும். பி.எச். 8.1 முதல் 8.4. கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். காரத்தன்மை 8, 9 டி.கே.எச். காரத்தன்மையை அளப்பது முதல் வருடக் கெமிஸ்ட்ரி லேபில் நாம் செய்த டைட்ரேஷனேதான். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

2. வெப்பம்: சூடான தொட்டியைச் சட்டென்று குளிரவைப்பது இரண்டாவது அடி. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கினால் போதும்.

3. வெளிச்சம்: பட்டினி கிடப்பவனுக்கு வெயிலில் நடைப்பயிற்சி எதற்கு? விளக்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அல்லது பவளத்தை நிழலான அடிப்பகுதிக்கு மாற்ற வேண்டும். நிறம் திரும்பத் திரும்ப, வாரத்துக்குக் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டலாம்.

4. தண்ணீர்: நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அழுக்கு சேர்ந்திருந்தால் பத்து சதவீத நீரை மட்டும், அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள புதுக் கடல்நீரால் மாற்ற வேண்டும்.

5. உணவு: குடித்தனக்காரர் இல்லாத வீட்டுக்கு வெளிச் சாப்பாடு தேவை. இரவில் விரல் நீட்டும் நேரத்தில் ஆர்ட்டீமியா குஞ்சுகளைச் சொட்டுக் குழாயால் மெல்ல விடலாம். வாரம் இரண்டு தடவை போதும். மிஞ்சினால் அழுகி நீரைக் கெடுக்கும்.

6. அறுவை: அழுகல் பரவிக்கொண்டே வந்தால், நல்ல பகுதியில் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டி எடுத்து, நல்ல துண்டை மட்டும் புதுக் கல்லில் ஒட்டி வைப்பார்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தொட்டிகளில் வளர்க்கும் சில பவள இனங்களில் 'பாலிடாக்சின்' என்ற கொடிய விஷம் உண்டு.

7. செய்யக்கூடாதது: மீன் நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். அது பவளத்துக்கு எமன்.

இத்தனையிலும் பவளத்தைக் குணப்படுத்தும் மருந்து என்று ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? நோய்க்குக் காரணமானதை நீக்குகிறோம். நிலைமையை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கிறோம். குணமாகிற வேலையைப் பவளமே பார்த்துக்கொள்கிறது.

மண்பானை கணக்கு

சில்லர் இல்லாதவர்கள் நீரின்மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓட விடுவார்கள். இது எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டு மண்பானைத் தத்துவம்தான். 100 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிரவைக்க 418 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,430 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். வகுத்துப் பாருங்கள், ஐந்தே முக்கால் டிகிரி வருகிறது! வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதாலும் காற்றில் ஈரம் இருப்பதாலும் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். ஆனாலும் சில்லர் நின்றுபோன அந்த மூன்று நாளில் ஒரு விசிறியும், சூடேறினால் தானே அதை ஓடவிடும் ஒரு தெர்மோஸ்டாட்டும் இருந்திருந்தால் கிளைப் பவளம் பிழைத்திருக்கும். ஒற்றை இயந்திரத்தை நம்பி ஒரு உயிரை வைக்கக்கூடாது, மாற்று ஏற்பாடு வேண்டும் என்பது அண்ணன் கற்ற பாடம்.

கடல் என்ற பெரிய தொட்டி

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட பவள இனங்கள். 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. வடக்கே பாக் விரிகுடாவிலும் மண்டபம், ராமேஸ்வரம் கரையோரம் பவளப்பாறை உண்டு. அதே பாக் விரிகுடாவின் கரையில்தான் நம் மாவட்டத்தின் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மணமேல்குடியும் இருக்கின்றன.

அண்ணன் தொட்டியில் நடந்ததெல்லாம் இங்கே பெரிய அளவில் நடந்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் நீர் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது பவளம் வெளுக்கும். 1998-ல் வெளுத்தது. 2010-ல் வெளுத்தது, தென்மேற்குப் பருவக்காற்று வந்து நீர் குளிர்ந்ததும் பெரும்பாலானவை தேறிக்கொண்டன. 2016-ல் அப்படித் தேறவில்லை. மன்னார் வளைகுடாவில் சுமார் 16 சதவீதப் பவளம் மடிந்ததாகக் கணக்கிட்டார்கள். 2024 ஏப்ரலில், உலகக் கடல்களெங்கும் நான்காவது முறையாகப் பவளம் வெளுப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கடலுக்கு யார் சில்லர் மாட்டுவது? அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2023 கோடையில் கடல் கொதித்தபோது, பவளத் துண்டுகளை வாரி எடுத்துவந்து கரையில் உள்ள தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே ஃபுளோரிடாவில் 2014-ல் பரவத் தொடங்கிய தோலுரி நோய்க்கு, கடலுக்குள் முங்கிப்போய்ப் புண்ணைச் சுற்றி அமாக்சிசிலின் பசையைப் பூசினார்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதித் தரும் அதே அமாக்சிசிலின்தான்!

நம் பக்கம் நடந்த வைத்தியம் இன்னும் எளிமையானது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ல் தொடங்கி, ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டி, கான்கிரீட் சட்டங்களில் பொருத்தி, பாழான இடங்களில் நட்டு வருகிறார்கள். கரும்புக் கரணை நடுவது மாதிரிதான். துண்டு தானே பலகையைப் பற்றிக்கொண்டு வளரும். கிளைப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். மூளைப் பவளம் போன்றவை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். தாத்தாவின் ஷோகேஸ் கல்லை உடைக்க ஒரு கடப்பாரை அடி போதுமாயிருந்திருக்கும். அது வளர்ந்ததோ வருடக்கணக்கில்!

அப்படி வெட்டியதன் விலையையும் நாம் கொடுத்தாகிவிட்டது. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் பல காலம் வண்டி வண்டியாகப் பவளத்தை வெட்டினார்கள். அலையைத் தடுக்க பாறை இல்லாமல் கரை அரித்து, பூவரசன்பட்டி, விலங்குச்சள்ளி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதே கதிக்குப் போய்க்கொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் துளைகள் வைத்த கான்கிரீட் கட்டுமானங்களைக் கடலில் இறக்கினார்கள். சிவில் பிரிவு நண்பர்களே, பவள வைத்தியத்தில் உங்களுக்கும் வேலை இருக்கிறது!

தொட்டியில் பாசி படர்ந்தால் பவளத்தை மூடிவிடும் என்று சொன்னேன் அல்லவா? கடலிலும் அதே கதை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட 'கப்பாஃபைகஸ்' என்ற வெளிநாட்டுக் கடற்பாசி 2008-ல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் போர்வை போலப் படர்ந்திருந்தது. அதைக் கையால் பிடுங்கித்தான் அகற்றினார்கள். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. முளைக்க முளைக்கப் பிடுங்கினார்கள்.

நம் கரையின் பங்கு

நம் மாவட்டக் கரையில் பவளப்பாறை இல்லை, சேறும் கடல்புல்லும்தான். ஆனால் வெள்ளாறும் அம்புலியாறும் கொண்டுவரும் வண்டலைப் பிடித்து வைத்து, நீரைத் தெளிவாக வைத்திருப்பது அந்தப் புல்தான். கலங்கல் நீர் பவளத்துக்கு ஆகாது. வெளிச்சத்தை மறைக்கும், தோலின்மேல் படிந்து மூச்சு முட்டவைக்கும். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல்பசுவுக்கும் அந்தப் புல்தான் மேய்ச்சல். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. புல்லைக் காத்தால் ஆவுளியாவும் பிழைக்கும், கடல்நீரும் தெளியும்.

கடலின் சூட்டை நாம் நாளைக்கே இறக்க முடியாது. ஆனால் காய்ச்சல்காரன் தலையில் மூட்டை ஏற்றாமல் இருக்க முடியுமே! சாக்கடை, பிளாஸ்டிக், வெட்டி எடுத்தல், அடியைச் சுரண்டும் வலை, இந்த மூட்டைகளை இறக்கி வைத்தால் அடுத்த கோடையில் வெளுத்தாலும் பவளம் தேறி வர வாய்ப்பு உண்டு. 2010-ல் தேறியதைப் பார்த்தோமே!

சட்டம் என்ன சொல்கிறது?

"அப்படியானால் நாமும் ஒரு தொட்டி வைத்து ராமேஸ்வரத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து..." என்று யாராவது நினைத்தால், வேண்டாம் நண்பரே! 2001-ல் பாறை கட்டும் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாவற்றையும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த துண்டையும் எடுத்து வர வேண்டாம். சுற்றுலா போகும் இடத்தில் யாராவது ரகசியமாகக் காட்டினாலும் வாங்காதீர்கள். எங்கள் தாத்தா வாங்கியது சட்டம் வருவதற்கு முந்தி. ஆனால் அதற்காக எங்கோ கடலுக்கு அடியில் ஒரு குடியிருப்பே காலியானது என்பது இப்போது அந்த ஷோகேஸைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

முடிவாக...

அண்ணனின் மூளைப் பவளம் என்ன ஆயிற்று? பெரியவர் சொன்னபடி விளக்கைக் குறைத்து, வாரம் இரண்டு தடவை இரை கொடுத்து, தினமும் வெப்பத்தையும் காரத்தன்மையையும் நோட்டில் எழுதி வந்தார். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. ஆனியில் ஒரு மடிப்பில் லேசாகக் காபிக்கறை மாதிரி தெரிந்தது. ஆவணியில் முழுக்கப் பழுப்பு திரும்பிவிட்டது. முதல் நாள் பதறியதால் சுருங்கிய அந்த ஒரு விரற்கடை மட்டும் இன்றும் எலும்பாகவே இருக்கிறது. "அது அப்படியே இருக்கட்டும் தம்பி, எனக்கு ஞாபகத்துக்கு" என்கிறார் அண்ணன்.

நண்பர்களே, நாளை நாம் தொழிற்சாலையிலோ பணிமனையிலோ ஒரு பழுதின் முன்னால் நிற்கப் போகிறோம். முதலில் அளந்து பார்ப்போம். காரணத்தைக் கண்டுபிடிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். அப்படியே, ராமேஸ்வரத்துக்குப் போனால் கடலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவோம்!